இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும்

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளின் வாசிப்பை வளர்ப்பது பற்றி இந்த இதழில் எழுதுவதாகச் சென்ற முறை வாக்களித்திருந்தேன். அது அடுத்த இதழுக்குத் தள்ளிப் போகிறது. வாசக அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். காரணம், போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்ற ஓர் அக்கா.

எங்கள் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர் அவர். இப்போது முட்டி வலி; வேலைக்குப் போவதில்லை. அவருடைய மகன் என்னிடம் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். கணக்கில் கெட்டிக்காரன். தொழிற்கல்லூரி முடித்து, 2021இல் பட்டணத்தில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் அலுவலகத்தில் சேர்ந்தான். சங்கங்கள், கடன் கூட்டுறவுகள், கடைகள் ஆகியோரின் கணக்குகளை இணையத்தில் வைத்துப் பராமரித்துக் கொடுப்பது அந்த அலுவலகத்தின் தொழில்.

"சார், புள்ளய வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. சங்கத்து ஆளுங்க விவரமெல்லாம் வெளியே போயிடுச்சாம். இவன்தான் சாவிய வித்துட்டான்னு மொதலாளி சொல்றாராம். மூணு நாளா சோறு எறங்கல அவனுக்கு" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்து என் மேசைமேல் வைத்தார். அதுதான் மகனுக்கு எதிராக முதலாளி காட்டிய சாட்சியாம். சிவப்பு மையால் வட்டமிட்ட ஒரு வரியை அக்கா விரலால் தொட்டுக் காட்டினார். எழுத்துகள் அவருக்குப் புரியவில்லை. புள்ளிகள் மட்டும் கண்ணில் பட்டிருக்கின்றன.

"ரெண்டு ரெண்டு புள்ளியா வெச்சிருக்கே, இதுதான் திருட்டாம். ரெண்டு புள்ளி வெச்சா பூட்டு தெறந்துக்குமா சார்?"

அந்தக் கேள்விக்குத்தான் இந்த மாதப் பக்கம். பள்ளிக்குக் கணினி வந்த நாள் முதல் அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்ததால், இந்தச் சமாச்சாரங்களை ஓரளவு படித்து வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகளில் பலர் இன்று பட்டணத்தில் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். உங்கள் அடையாள அட்டை எண்ணும் சேமிப்புக் கணக்கும் இப்படிப்பட்ட ஏதோ ஒரு கணினியில்தான் இருக்கின்றன. ஆகவே கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முன்பு தோட்ட ஆபீஸில் பெரிய கிராணி தடித்த பேரேட்டில் எழுதி வைத்தாரல்லவா? அதே பேரேடு இன்று கணினிக்குள் இருக்கிறது. அதைத் தரவுத்தளம் என்கிறார்கள். உலகில் மிகுதியாகப் புழங்கும் தரவுத்தளங்களில் ஒன்று மைஎஸ்கியூஎல். பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மைக்கேல் விடேனியஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1995இல் அதை வெளியிட்டார்கள். தம் மகளின் பெயரை அதன் தலையில் வைத்தார் விடேனியஸ். பின்னாளில் அதிலிருந்து பிரிந்த இன்னொன்றுக்கு இளைய மகள் மரியாவின் பெயரைக் கொடுத்தார். நம் ஊரில் லாரிக்குப் பிள்ளை பெயர் எழுதுவது போலத்தான்.

இந்தப் பேரேட்டைத் திறந்து பார்க்க, வரி சேர்க்க, வரி அழிக்க ஒரு கருவி வேண்டும். எந்த ஊரில் இருந்தாலும் இணையப் பக்கத்தின் வழியாகவே அந்த வேலையைச் செய்யலாம் என்று வந்ததுதான் பிஎச்பிமைஅட்மின். டோபியாஸ் ராட்சில்லர் என்பவர் 1998இல் தொடங்கி வைத்தார். இலவசம். ஆகவே சின்ன அலுவலகங்கள் எல்லாம் அதைத்தான் வைத்திருக்கின்றன. நல்ல கருவி என்பதில் ஐயமில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: பேரேட்டு அலமாரியின் கதவை ஊருக்குள் வைக்காமல் உலகத்துத் தெருவில் வைத்துவிட்டு, ஒரு பூட்டை மட்டும் நம்புகிறோம்.

இனி அக்காவின் புள்ளிகளுக்கு வருகிறேன்.

கணினிக்குள் கோப்புகள் அறைகளில் இருக்கின்றன. அறைக்குள் அறை, அதற்குள் இன்னோர் அறை. இரண்டு புள்ளி வைத்து ஒரு சாய்கோடு போட்டால், "இந்த அறையை விட்டு ஓர் அறை வெளியே வா" என்று பொருள். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் என்ற இயக்க முறை பிறந்த காலத்திலிருந்து வரும் பழைய வழக்கம் இது. இதில் எந்தக் குற்றமும் இல்லை. நானே தினமும் பயன்படுத்துகிறேன். குற்றம் எங்கே பிறக்கிறது என்றால், வெளியாள் எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே நம்பி உள்ளே போகிறவனிடத்தில்.

அந்தக் காலத்துத் தோட்ட ஆபீஸை மனத்தில் கொண்டு வாருங்கள். சன்னலில் கம்பி. கம்பிக்கு வெளியே நாம். உள்ளே ஓர் ஆபீஸ் பையன். சீட்டில் "மூன்றாம் அலமாரி, பெரட்டுப் புத்தகம்" என்று எழுதி நீட்டினால் எடுத்து வந்து காட்டுவான். கெட்டிக்காரன் ஒருவன் சீட்டில் இப்படி எழுதுகிறான்: "மூன்றாம் அலமாரிக்குப் போ. அங்கிருந்து ஓர் அறை வெளியே வா. இன்னும் ஓர் அறை வெளியே வா. துரையின் அறைக்குள் போ. இரும்புப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள ஏட்டை எடு." பையன் எழுத்துப் பிசகாமல் அப்படியே செய்கிறான். அவன் திருடன் அல்லன். பூட்டு உடையவும் இல்லை. சீட்டில் எழுதியபடி நடந்தான், அவ்வளவுதான். கம்பிக்கு வெளியே நின்றவன் கைக்கு துரையின் ஏடு வந்துவிட்டது.

பிஎச்பிமைஅட்மினில் இது முதல் முறை நடந்ததல்ல. 2.5.5 என்ற பதிப்பிலும் அதற்கு முந்தியவற்றிலும், கணக்கை வெளியே எடுத்துத் தரும் பக்கத்தில் இதே பிழை இருந்தது 2004இல் வெளிப்பட்டது. "எந்த வடிவில் வேண்டும்?" என்று கேட்கும் இடத்தில் இரண்டு புள்ளிகளை எழுதி நீட்டினால் கணினியின் வேறு கோப்புகள் வெளியே வந்தன. திருத்தினார்கள்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2018இல், மறுபடியும் வந்தது. இந்த முறை வந்த விதம்தான் வேடிக்கை. எனக்கே இரண்டு முறை படித்த பிறகுதான் விளங்கியது.

4.8.0, 4.8.1 என்ற இரண்டு பதிப்புகளில் இருந்த பிழை அது. உலகம் அதற்கு வைத்த எண் சி.வி.இ.-2018-12613. இந்த முறை எழுதியவர்கள் அசட்டையாக இருந்துவிடவில்லை. சீட்டைப் பார்த்து அனுப்ப ஒரு காவலாளியையே வைத்திருந்தார்கள். அனுமதிக்கப்பட்ட பக்கங்களின் பட்டியல் அவன் கையில். சீட்டில் உள்ள பெயர் பட்டியலில் இருந்தால் போகலாம், இல்லையென்றால் இல்லை. இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பிறகு வருவது வெறும் உபரி விவரம் என்பது வழக்கம். அதனால் கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள பெயரை மட்டும் பார்த்தால் போதும் என்று காவலாளிக்குச் சொல்லியிருந்தார்கள்.

இணைய முகவரியில் சில குறிகளை நேரே எழுதாமல் மறைஎழுத்தில் எழுதுவதுண்டு. கேள்விக்குறிக்கு ஒரு மறைஎழுத்து உண்டு. அந்த மறைஎழுத்தையே இன்னொரு முறை மறைத்தும் எழுதலாம். கடித உறைக்குள் இன்னொரு கடித உறை என்று வைத்துக்கொள்ளுங்கள். சீட்டு வந்து சேரும்போது கணினி வழக்கப்படி வெளி உறையைப் பிரித்துவிடும். உள் உறை அப்படியே இருக்கும்.

காவலாளி என்ன செய்தான்? தன் பார்வைக்கு ஒரு நகல் எடுத்துக்கொண்டு, அந்த நகலில் உள் உறையையும் பிரித்தான். கேள்விக்குறி தெரிந்தது. அதற்கு முன்னால் இருந்த பெயர் பட்டியலில் உள்ள நல்ல பெயர். "சரி, போகலாம்" என்றான். ஆனால் கோப்பை எடுக்கப் போகிற பையன் கையில் இருந்ததோ உள் உறை பிரிக்காத பழைய சீட்டு! அவன் கண்ணுக்குக் கேள்விக்குறியே இல்லை. முழுவதும் ஒரே வழியாகத் தெரிந்தது: முதலில் விசித்திரமான பெயருள்ள ஓர் அறை, பிறகு "வெளியே வா, வெளியே வா, வெளியே வா". அப்படி ஓர் அறை இல்லவே இல்லை. இல்லாத அறைக்குள் போய் ஓர் அறை வெளியே வந்தால் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். மீதிப் படிகளோ வீட்டையே விட்டு வெளியே கொண்டுபோய் விட்டுவிடும்.

காவலாளி படித்தது ஒன்று. பையன் எடுத்துப்போனது வேறொன்று. பிழை முழுவதும் அந்த ஓர் உறையில் இருந்தது.

இது ஒன்றும் புதுமையல்ல என்பதுதான் எனக்கு ஆத்திரம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இணையச் சேவை மென்பொருளில், சரிபார்த்த பிறகு இன்னொரு முறை உறையைப் பிரிக்கும் பிழை இருந்தது. அதற்கு 2001 மே மாதமே திருத்தம் கொடுத்தார்கள். பலர் போடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் புறப்பட்ட நிம்டா என்ற கணினிப் புழு, பரவுவதற்குக் கண்டுபிடித்த வழிகளில் இந்தப் பிழையும் ஒன்று. பதினேழு ஆண்டுக்குப் பிறகு, வேறு மென்பொருளில், வேறு கைகள், அதே உறைத் தொல்லை. வகுப்பில் ஒருவன் செய்த தப்பைப் பலகையில் எழுதிக் காட்டிய மறுநாளே அடுத்த வரிசைப் பையன் அதையே செய்வான். ஆசிரியர்களுக்குத் தெரியும் இது.

கதை கோப்பைப் படிப்பதோடு நிற்கவில்லை. இந்தக் கருவி எடுத்து வரும் கோப்பில் கட்டளை எழுதியிருந்தால் அதைப் படித்துக் காட்டாது, செய்தே முடித்துவிடும். உள்ளே நுழைந்தவன் பேரேட்டிடம் ஒரு கேள்வி கேட்பது போலத் தன் கட்டளையை எழுதுகிறான். அந்தக் கேள்வி, அவனுடைய வருகையைக் குறித்து வைக்கும் தற்காலிகக் கோப்பில் பதிவாகிறது. பிறகு புள்ளிகளைப் போட்டு அந்தக் கோப்பையே எடுத்து வரச் சொல்கிறான். அவன் எழுதிய கட்டளை நிறைவேறுகிறது. அதன் பிறகு அந்தக் கணினி பாதி அவனுடையது.

2018 ஜூனில் 4.8.2 என்ற பதிப்பு வந்தது, ஓட்டை அடைபட்டது. யாருக்கு அடைபட்டது? புதிய பதிப்பை எடுத்துப் போட்டவர்களுக்கு. 4.8.1ஐப் போட்டுவிட்டு மறந்துபோன அலுவலகங்களில் அது இன்றைக்கும் திறந்த வாய்தான்.

அக்கா பாயில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். நான் காகிதக் கத்தையைப் புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பதிப்பு எண் இருக்காது. ஆனால் அந்த வட்டமிட்ட வரியைப் பார்த்ததுமே எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிட்டது. அதே இரட்டை உறை. அதே புள்ளிகள்.

"மொதலாளி என்ன சொல்றாரு அக்கா?"

"சரியான சாவி போட்டுத்தான் உள்ள வந்திருக்காங்களாம். சாவி இவனுக்கு மட்டுந்தான் தெரியுமாம்."

இதில் ஒரு பாதி உண்மை. இந்த ஓட்டைக்குள் நுழைய, பொதுவாக முதலில் முறைப்படி உள்நுழைந்திருக்க வேண்டும். பெயரும் கடவுச்சொல்லும் சரியாக இருக்க வேண்டும். ஆக, வந்தவனுக்குக் கடவுச்சொல் தெரிந்திருந்தது. அதுவரை முதலாளி சொல்வது சரி.

ஆனால் அவர் இரண்டு இடங்களைக் கவனிக்கவில்லை. ஒன்று, வட்டமிட்ட வரிக்கு முந்திய பக்கங்கள். ஒரே இரவில், ஒரே வெளியூர் முகவரியிலிருந்து, நுழைவுப் பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்த வரிகள் பக்கம் பக்கமாக இருந்தன. சாவி கையில் உள்ளவன் எதற்காக விடிய விடியக் கதவைத் தட்ட வேண்டும்? இரண்டாவது அந்தப் புள்ளிகள்தாம். அந்தக் கணினியின் எல்லா அறைக்கும் போகிற உரிமை தம்பிக்கு வேலையின் காரணமாகவே இருந்தது. கோப்பு வேண்டுமென்றால் நேரே போய் எடுத்திருப்பான். சன்னல் கம்பிக்கு வெளியே நிற்பவன்தான் சீட்டில் "அறையை விட்டு வெளியே வா" என்று எழுத வேண்டும். உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு அது எதற்கு?

ஆகவே, முதலாளி எதைத் திருட்டுக்குச் சாட்சி என்று வட்டமிட்டாரோ, அதுவே பையனுக்குச் சாதகமான சாட்சி. இதை நான் சொன்னதும் அக்கா அழுதுவிட்டார்.

சாயங்காலம் பையனையே வரச் சொன்னேன். வந்தான். வளர்ந்த ஆள், ஆனாலும் வகுப்பில் கணக்கு வராத அன்றைக்கு நிற்பது போலவே கதவோரம் நின்றான்.

"உள்ள வாப்பா. கடவுச்சொல் என்ன வெச்சிருந்தீங்க?"

தலையைக் குனிந்துகொண்டான். "ஆபீஸ் பேரு சார். பின்னால ஒண்ணு ரெண்டு மூணு."

"யாரு வெச்சது?"

"நான் சேர்றதுக்கு முன்னாடியே இருந்துச்சு சார். எல்லாரும் ஞாபகம் வெச்சுக்கணும்னு மொதலாளி சொல்வாரு."

"உனக்குத் தெரிஞ்சு நாலு வருஷமா இருந்திருக்கு. மாத்தலாமில்ல?"

பதில் இல்லை. அக்கா மகனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பையனைத் திருடன் என்று சொல்வது அநியாயம் என்று நான் நினைப்பது போலவே, அவன் கையில் பிழையே இல்லை என்று சொல்வதும் பொய் என்றே நினைக்கிறேன். வெளியூரில் உட்கார்ந்து கணினியைக் கொண்டு சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பவனுக்கு, அலுவலகத்தின் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும் ஒரு வேலையே இல்லை. இலவசமாகக் கிடைக்கும் சில மென்பொருள் தொகுப்புகளில் இன்னும் மோசம்: ரூட் என்ற தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல்லே வைக்காமல்தான் வரும். சொந்த வீட்டில் பழகிப் பார்ப்பதற்கென்று அப்படி. அதையே கொண்டுபோய்த் தெருவில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

பதிப்பைப் புதுப்பிக்காதது பற்றிக் கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்தான். "ரெண்டு தடவ கேட்டேன் சார். வாட்ஸ்அப்புல அனுப்பியிருக்கேன்." கைப்பேசியைத் திறந்து காட்டினான். "பழைய பதிப்பு, மாத்தணும், ஒரு நாள் ஆகும்" என்று இவன் எழுதியிருந்தான். "ஓடிக்கிட்டு இருக்கிறத ஏன் தொடணும்?" என்று பதில் வந்திருந்தது.

இந்த வேலையில் இருக்கும் தம்பி தங்கைகள் வீட்டுக்கு வரும்போது, இந்தப் பக்கத்தைக் கிழித்தாவது கையில் கொடுங்கள். பேரேட்டுக் கருவியை உலகத்துத் தெருவில் வைக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. அலுவலக முகவரியிலிருந்து வருபவருக்கு மட்டும் கதவு திறக்கும்படி வைக்கலாம். வேலை இல்லாத கருவியைக் கணினியிலிருந்தே எடுத்துவிடலாம். நிரல் எழுதுகிறவர்களோ, வெளியாள் எழுதித் தரும் கோப்புப் பெயரைக் கையிலேயே தொடாமல் இருப்பது மேல். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்து, எந்த எண்ணுக்கு எந்தக் கோப்பு என்பதை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பெயர்தான் வேண்டும் என்றால், புள்ளிகளை எல்லாம் கணக்கிட்டு முடித்த பிறகு வந்து சேரும் இடம் நம் வீட்டுக்குள்தான் இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்க வேண்டும். சரிபார்த்த சீட்டும் எடுத்துப்போகும் சீட்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

பழைய பிழைதானே, இப்போது யார் செய்யப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்குப் பிஜிஅட்மின் என்ற கருவி இருக்கிறது. அதன் 8.3 பதிப்பு வரையில், வருகிறவரின் அடையாளச் சீட்டில் எழுதியிருந்ததையே கோப்பின் பெயராக எடுத்துக்கொண்டது. அங்கேயும் புள்ளிகளை வைத்து வெளியே போக முடிந்தது. விண்டோஸ் கணினியில் என்றால் கடவுச்சொல்கூட வேண்டியதில்லை. 2024இல்தான் 8.4 பதிப்பில் திருத்தினார்கள்.

கணினி தொடாத நம் மக்களுக்கும் இதில் வேலை உண்டு. உங்கள் சங்கத்தின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், வரவு செலவு படித்து முடித்ததும் எழுந்து, "நம்ம விவரம் இருக்கிற கம்ப்யூட்டர யாரு பாத்துக்கிறா, கடைசியா எப்பப் புதுப்பிச்சாங்க?" என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் அதையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். யாராவது தொலைபேசியில் உங்கள் அடையாள அட்டை எண்ணைச் சரியாகச் சொல்லி "வங்கியிலிருந்து பேசுகிறேன்" என்றால், எண் சரியாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். அது எங்கிருந்து போயிருக்கும் என்பதற்குத்தான் இத்தனை விளக்கமும். நம் நாட்டில் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டு 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. வாணிபத்தின் பொருட்டு மக்கள் விவரம் வைத்திருப்பவரிடமிருந்து அது கசிந்து பெருந்தீங்கு நேரக்கூடும் என்றால், 72 மணி நேரத்துக்குள் ஆணையரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜூன் 1 முதல் இருக்கிறது. பழியை வேலைக்காரப் பையன்மேல் போட்டுவிட்டு அந்தக் கடமையிலிருந்து யாரும் கழன்றுகொள்ள முடியாது.

அன்றிரவு என் மேசையிலேயே பையன் முதலாளிக்குக் கடிதம் எழுதினான். நடந்ததை வரி எண்ணோடு எழுதச் சொன்னேன். கதவைத் தட்டிய வரிகள், புள்ளிகள் உள்ள வரி, பதிப்பு எண், இரண்டு வாட்ஸ்அப் செய்திகளின் தேதிகள். எல்லாம் எழுதினான். கடவுச்சொல் விஷயம் வந்ததும் பேனா நின்றது.

"இத எழுதணுமா சார்?"

நான் வாய் திறக்குமுன் அக்கா சொன்னார்: "எழுதுடா. மறச்சா மத்ததையும் நம்ப மாட்டாங்க."

எழுதி முடித்து வாசித்துக் காட்டினான். அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் மெல்லக் கேட்டார்.

"ஏன்டா, நான் சீவுன காசுல சேத்து வெச்சேனே கூட்டுறவுப் புஸ்தகம், அதுவும் அதே கம்ப்யூட்டர்லதானே இருக்கு?"

பையன் தலையை மட்டும் அசைத்தான்.

"அப்ப அதையும் எழுது. உறுப்பினர் ஒருத்தி கேக்குறான்னு எழுது. என் பேரு, என்னோட அடையாள அட்ட நம்பரு, எதெல்லாம் போயிருக்குன்னு எனக்குத் தெரியணும்."

அடியில் அவருக்கென்று தனியாக ஒரு பத்தி எழுதினோம். அவரே கையெழுத்துப் போட்டார். முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து; கொஞ்சம் சாய்ந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் கடிதம் பதிவுத் தபாலில் போனது. ஒரு பிரதி கூட்டுறவுச் செயலாளருக்கு. இந்தப் பக்கத்தை எழுதி முடிக்கும் வரை இரண்டு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை.